சூடேறும் கைப்பிடிகள் மலைச்சாலை வளைவுகளில் அணைந்துபோகின்றன: கோளாறு கைப்பிடியிலா, வயரிங்கிலா?

கோத்தகிரி வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியில் வசிக்கிறேன், பணி உதகமண்டலத்தில். விடியும் முன்பே கிளம்பி, கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா பிரிவைக் கடந்து உதகைக்குள் நுழைவதற்குள், மார்கழி, தை மாதங்களில் விரல்கள் மரத்துப்போய், கிளட்சை எந்த அளவு பிடித்திருக்கிறோம் என்பதே கைக்குத் தெரியாமல் போய்விடுகிறது. உறைபனி இறங்கிய சாலையில் பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் விரல் மடங்கத் தாமதிப்பது உயிருக்கே ஆபத்து என்பதால், இந்த ஆண்டு குளிர் தொடங்கும் முன் சூடேறும் கைப்பிடிகளைப் பொருத்திக்கொண்டேன்.

வண்டி 400 சிசியை ஒட்டிய ஒற்றைச் சிலிண்டர் பைக். ஹாலஜன் ஹெட்லைட், 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி. பொருத்தியது சமவெளியில் உள்ள ஒரு கடை. பழைய ரப்பரை நீக்கிவிட்டு, சூடேற்றும் இழை உள்ளேயே பதிக்கப்பட்ட முழுக் கைப்பிடிகளைப் பசை போட்டு ஏற்றியிருக்கிறார்கள். இடது பக்கம் ஐந்து நிலைகள் கொண்ட ஒரு சிறிய சுவிட்ச் பெட்டி இருக்கிறது. அதன் சிவப்பு வயர் ஒரு பியூஸ் வழியாக நேராக பேட்டரிக்குச் செல்கிறது. கறுப்பு வயரை ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஹேண்டில்பாரைத் தாங்கும் மேல் தட்டிலுள்ள ஒரு போல்ட்டில் எர்த் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போதுள்ள சிக்கல்கள் மூன்று. முதலாவது, குறைந்த நிலைகளில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் முழுச் சூட்டில் வைத்தால், மெதுவாகப் போகும் இடங்களிலும் கூர்மையான வளைவுகளிலும் பெட்டியின் விளக்கு சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. நேர்ச்சாலையில் மீண்டும் அழுத்தினால் எரிகிறது. இரண்டாவது, வலது கைப்பிடியின் சூட்டில் பாதிகூட இடதில் தெரிவதில்லை. மூன்றாவது, ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டுக் கையை எடுத்தால், முன்புபோல் சட்டெனத் திரும்பாமல் மெல்லத் திரும்புகிறது. ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும் வளைத்திருக்கும்போது பாதியிலேயே நின்றுவிடுகிறது.

கைப்பிடிகளே பழுது, வேறு ஜோடி வாங்க வேண்டும், அல்லது பெரிய பேட்டரி போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. கைப்பிடிகளை அணைத்துவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தபோது, என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஆக்சிலேட்டரைத் திருகாமல் ஐட்லிங்கில் ஓடும்போது 12.9, நிமிடத்துக்கு 4000 சுற்றில் 14.1 காட்டியது. புதிதாகச் செலவழிக்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும் என்று வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

உதகை மெக்கானிக்

சார், மூன்றாவதாக எழுதியிருப்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஆக்சிலேட்டர் தானாக முழுவதும் திரும்பாத வண்டியை மலைப்பாதையில் ஓட்டாதீர்கள். அதைச் சரிசெய்யும் வரை பேருந்தில் போவது நல்லது. இறக்கத்து வளைவில் கையை விட்ட பிறகும் என்ஜின் இழுத்துக்கொண்டு போனால், அந்த வண்டியை நிறுத்த உங்களுக்கு இடம் இருக்காது.

வலது கைப்பிடி ஆக்சிலேட்டரின் பிளாஸ்டிக் குழாய் மேல் உட்கார்ந்து, குழாயோடு சேர்ந்து சுழல்கிறது. ஆகவே உள்முனையில் சுவிட்ச் பெட்டியையும் வெளிமுனையில் ஹேண்டில்பார் எடைக்கட்டியையும் அது தொடக்கூடாது. இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சூடேறும் கைப்பிடிகள் சாதாரண ரப்பரைவிடச் சற்று நீளமாகவும் விறைப்பாகவும் இருப்பதால், பழைய ரப்பர் இருந்த இடத்திலேயே அழுத்தி ஏற்றினால் உரசத்தான் செய்யும். ஒரு விசிட்டிங் கார்டை இரு முனைகளிலும் நுழைத்துப் பாருங்கள். வெளிமுனையில் நுழையவில்லை என்றால், எடைக்கட்டியைக் கழற்றி அதன் பின்னால் ஒரு மெல்லிய வாஷர் வைத்தால் போதும். அப்போதே குழாயின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். பசை வழிந்து, ஹேண்டில்பாருக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் நடுவே இறங்கியிருந்தால், குழாயைக் கழற்றிச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உள்முனையில் உரசினால் சுவிட்ச் பெட்டியின் திருகுகளைத் தளர்த்தி அதைச் சிறிது உள்ளே தள்ளலாம். ஆனால் பல வண்டிகளில் பெட்டியின் உள்ளே ஒரு முளை, ஹேண்டில்பாரிலுள்ள துளையில் பொருந்தி நிற்கும். அதைக் கவனிக்காமல் இழுத்தால் முளை உடைந்துவிடும்.

இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் நின்றுபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் வலது கைப்பிடியிலிருந்து வரும் வயர் நீளம் போதாமல் இழுபடுவதால் வருவது. அந்த வயரை ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்த்து பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் வெட்டி விடுங்கள். வயர் கைப்பிடியிலிருந்து முன்புறமாக வெளிவந்து, முழுத் திருகலுக்கும் இடம் கொடுக்கும்படி தளர்வான ஒரு வளையமாகத் தொங்க வேண்டும். பிரேக் நெம்புகோலுக்கும் பிரேக் ஆயில் குப்பிக்கும் இடையில் அது சிக்கக்கூடாது. எல்லாம் முடிந்ததும் ஐட்லிங்கில் ஹேண்டிலை இரு பக்கமும் முட்டும் வரை திருப்புங்கள். சுற்று சிறிதுகூட ஏறக்கூடாது.

மின்வயர்

மெக்கானிக் அண்ணன் சொன்னதை முடித்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள். நான் வாகன மின்வேலை பார்ப்பவன். நீங்கள் தந்த அளவுகளைப் பார்த்தால் பேட்டரியும் சார்ஜிங்கும் நன்றாகவே உள்ளன. பெரிய பேட்டரி இதற்குத் தீர்வாகாது. ஓடும் வண்டிக்கு மின்சாரம் தருவது என்ஜினில் உள்ள ‘காயில்’ எனும் கம்பிச் சுருள். பேட்டரி அதைச் சேமித்து வைக்கும் இடம் மட்டுமே.

முதலில் கைப்பிடிகளையே சோதித்துவிடுவோம், ஏனென்றால் அது எளிது. சுவிட்ச் பெட்டிக்குப் போகும் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு கைப்பிடியின் மின்தடையையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். 12 வோல்ட் கைப்பிடி ஒன்றுக்கு ஆறு, ஏழு ஓம் அளவில் வரும். ஏழு ஓம் என்று வைத்துக்கொண்டால், 14 வோல்ட்டில் ஒரு கைப்பிடி 2 ஆம்பியர் இழுத்து 28 வாட் சூடு தரும். இரண்டும் சேர்ந்தால் 4 ஆம்பியர், 56 வாட். அதாவது இன்னொரு ஹாலஜன் ஹெட்லைட்டைக் கூடுதலாக மாட்டியதற்குச் சமமான சுமை. 2017 ஏப்ரல் முதல் இங்கு விற்கப்படும் இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்ச் கிடையாது என்பதால், அந்தச் சுமையும் எப்போதும் கூடவே இருக்கிறது. ஐட்லிங்கில் காயில் தரும் மின்சாரம் இவை அனைத்துக்கும் போதாமல் போவது எந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டியிலும் இயல்பு.

இனி, ஏன் அணைகிறது என்பதற்கு வருகிறேன். இவ்வகைச் சுவிட்ச் பெட்டிகள், பேட்டரி காலியாகி வண்டி நின்றுவிடக்கூடாது என்பதற்காக, தங்களுக்கு வரும் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் தாமாகவே அணைந்துவிடும். அந்த எல்லை பெரும்பாலும் 11.5 வோல்ட்டை ஒட்டியிருக்கும். உங்கள் பெட்டியோடு வந்த தாளில் சரியான அளவு இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி பேட்டரி முனையில் போய் அளப்பதில்லை. தன் சிவப்பு வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே என்ன கிடைக்கிறதோ அதைத்தான் அளக்கிறது. பேட்டரியில் 12.7 இருந்தாலும், வழியில் மெல்லிய வயர், தளர்ந்த லக் (வயர் முனையிலுள்ள உலோக வளையம்), பெயின்ட் மேல் போட்ட எர்த் ஆகியவை ஒன்றேகால் வோல்ட்டைத் தின்றுவிட்டால், பேட்டரி காலியாகிவிட்டது என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். குறைந்த நிலையில் பெட்டி மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருவதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது; முழு நிலையில்தான் 4 ஆம்பியர் தொடர்ந்து பாய்ந்து குறையைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் விவரிப்பில் எனக்கு உறுத்துவது எர்த் கொடுத்த இடம். ஹேண்டில்பாரைத் தாங்கும் மேல் தட்டுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே இருப்பவை ஸ்டியரிங் பேரிங்குகள். கிரீசில் மூழ்கிய குண்டுகள் வழியாகத்தான் உங்கள் 4 ஆம்பியரும் பேட்டரிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் அந்தத் தொடர்பு மாறும். வளைவுகளில் அணைவதற்கு வளைவில் சுற்று குறைவதும் காரணமாகலாம், இந்த எர்த்தும் காரணமாகலாம். இரண்டில் எது என்று ஊகிக்கத் தேவையில்லை, அளந்தே தெரிந்துகொள்ளலாம்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஐட்லிங்கில் ஓடவிட்டு, கைப்பிடிகளை முழு நிலையில் வையுங்கள். இழப்பை மின்சாரம் பாயும்போதுதான் அளக்க வேண்டும். அணைத்துவிட்டு அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மற்றொன்றைப் பெட்டிக்குச் செல்லும் கறுப்பு வயரின் பிளக்கிலும் வைத்துப் பாருங்கள். அதன்பின் பேட்டரி பாசிட்டிவுக்கும் சிவப்பு வயரின் பிளக்குக்கும் இடையில் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு பக்கமும் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் குறையில்லை. கறுப்புப் பக்கத்தில் அளக்கும்போது, வேறு ஒருவரை ஹேண்டிலை மெதுவாக இடவலமாகத் திருப்பச் சொல்லி, எண் ஆடுகிறதா என்று கவனியுங்கள். சுற்று மாறாமல் எண் மட்டும் ஆடினால் விடை கிடைத்துவிட்டது.

கோத்தகிரி வாசி

இருவருக்கும் நன்றி. ஆக்சிலேட்டர் வேலை முடிந்துவிட்டது: வலது வயர் கேபிளோடு டேக் போட்டு இறுக்கப்பட்டிருந்தது, வெளிமுனையில் எடைக்கட்டியும் உரசிக்கொண்டிருந்தது. டேக்கை வெட்டி, வாஷர் வைத்தபின், எந்த நிலையிலும் கையை விட்டவுடன் சட்டெனத் திரும்புகிறது.

அளவுகள் இவை. வலது கைப்பிடி 7.0 ஓம், இடது 6.9. முழு நிலையில், ஐட்லிங்கில், பேட்டரி முனைகளில் 12.7 வோல்ட். பாசிட்டிவ் பக்க இழப்பு 0.3. நெகட்டிவ் பக்க இழப்பு ஹேண்டில் நேராக இருக்கும்போது 0.8, இடப்பக்கம் திருப்பத் திருப்ப 1.1-க்கும் மேலே ஏறுகிறது, அந்த நேரத்தில்தான் விளக்கு சிமிட்டி அணைகிறது. என்ஜின் சுற்றில் எந்த மாற்றமும் இல்லை.

இரண்டு கைப்பிடிகளின் மின்தடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, இடது மட்டும் ஏன் குளிர்ந்து கிடக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

யார்க்ஷயர் தமிழன்

இங்கிலாந்தின் வடக்கில் ஆண்டு முழுவதும் பைக்கில் வேலைக்குச் செல்பவன் என்பதால், இடது கைப்பிடி பற்றி நான் சொல்கிறேன். இரு இழைகளும் ஒரே அளவு சூட்டைத்தான் உண்டாக்குகின்றன. வலதுபுறம் இழைக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவே ஆக்சிலேட்டரின் பிளாஸ்டிக் குழாயும் சிறிது காற்றும் இருக்கின்றன. அவை சூட்டை உள்ளே போகவிடாமல் உங்கள் உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிடுகின்றன. இடதுபுறத்திலோ கைப்பிடி நேராக ஹேண்டில்பார் உலோகத்தின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. எதிர்காற்றில் குளிர்ந்துகொண்டேயிருக்கும் அந்த நீண்ட குழாய், சூட்டை உறிஞ்சி வெளியே கொண்டுபோய்விடும். இதைச் சமன்செய்ய இடது கைப்பிடிக்குச் சற்றுக் கூடுதல் வாட் வைத்துச் செய்யப்படும் ஜோடிகளும் உண்டு.

ஒட்டும் முன்பே என்றால், இடது ஹேண்டில்பாரின் மேல் சூடு காட்டினால் சுருங்கும் மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒன்றைச் சுருக்கிப் படியவைத்து, அதன்மேல் கைப்பிடியை ஏற்றியிருக்கலாம். இப்போது பசை காய்ந்த பிறகு கழற்றினால் உள்ளிருக்கும் இழை அறுந்துபோக வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த முயற்சியே வேண்டாம் என்பேன். அடுத்த முறை மாற்றும்போது செய்துகொள்ளுங்கள்.

அதுவரை காற்றைத் தடுப்பதே மிகுந்த பலன் தரும். சூடேறும் கைப்பிடி உள்ளங்கையை மட்டுமே சூடாக்கும். விரல்களின் வெளிப்புறத்தை எதிர்காற்று குளிர்வித்துக்கொண்டே இருக்கும். அகலமான ஹேண்ட்கார்டு இரண்டு மாட்டினால், முழு நிலையில் வைத்தும் போதாத சூடு, மூன்றாம் நிலையிலேயே போதுமானதாகிவிடும். காயிலின் மீதுள்ள சுமையும் அந்த அளவுக்குக் குறையும். கையுறையிலும் கவனம் வேண்டும். உள்ளங்கைப் பக்கம் தடித்த பஞ்சு வைத்த கையுறை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூட்டைக் கைக்குச் சேரவிடாது. புறங்கை தடித்தும் உள்ளங்கை மெல்லியதாகவும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நீரிழிவு போன்ற காரணங்களால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் முழு நிலையில் நெடுநேரம் பிடித்திருக்கக்கூடாது. தோல் புண்ணாவது அவர்களுக்குத் தெரியாமலே போகலாம்.

எர்த் பற்றி ஒரு சொல். இங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். அது லக்குகளில் ஏறிப் பச்சைக் களிம்பு பிடித்து, நன்றாக இருந்த இணைப்பையும் கெடுத்துவிடும். நீலகிரியில் உப்பு இல்லாவிட்டாலும் மேகமும் மழையும் உண்டு. இணைப்பை இறுக்கியபின் மேலே சிறிது வாசலின் பூசிவிடுங்கள்.

மின்வயர்

அளவுகள் மிகத் தெளிவாக உள்ளன. 12.7-இலிருந்து 0.3-ஐயும் 1.1-ஐயும் கழித்தால் பெட்டிக்குக் கிடைப்பது 11.3 வோல்ட். அது அணைவதில் வியப்பில்லை. அதன் வேலையை அது சரியாகச் செய்கிறது. கைப்பிடிகளும் நல்ல நிலையில் இருக்கின்றன, மாற்ற வேண்டாம். அணையாமல் எரியும்போதுகூட இந்த இழப்பு உங்களுக்கு நட்டமே, ஏனெனில் சூடு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும்: 14 வோல்ட்டில் 56 வாட் தரும் அதே ஜோடி, 11.3 வோல்ட்டில் 36 வாட்தான் தரும். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

செய்ய வேண்டியது இது. கறுப்பு வயரை மேல் தட்டிலிருந்து கழற்றி, குறைந்தது 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரால் நீட்டி, நேராக பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலேயே லக் போட்டு இறுக்குங்கள். சட்டத்தில் வேறு நல்ல இடம் இருந்தாலும், இதுதான் சந்தேகத்துக்கு இடம் வைக்காது. ஒரு மீட்டர் நீளத்துக்கு இந்த வயரின் மின்தடை ஏறத்தாழ 0.018 ஓம் என்பதால், போக வர மூன்று மீட்டர் ஆனாலும் 4 ஆம்பியரில் ஏறத்தாழ 0.2 வோல்ட்தான் போகும். அலங்கார விளக்குகளுக்குப் போடும் 0.3 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே தூரத்துக்கு 0.7 வோல்ட் போய்விடும். ஸ்டியரிங் கழுத்தைக் கடக்கும் இடத்தில் வயர் வளையத் தாராளமாக நீளம் விடுங்கள்.

சிவப்பு வயர் நேராக பேட்டரியில் இருப்பதையும் மாற்றுவது நல்லது. சாவியை எடுத்த பிறகும் பெட்டி சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். 8 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு, வண்டி பல நாள் நிற்கும்போது அதுவும் ஒரு சுமைதான். நான்கு முனை ரிலே (சிறு மின்சாரத்தால் தூண்டப்பட்டுப் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) ஒன்று போடுங்கள்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாக 30-ஆம் முனை, 87-இலிருந்து பெட்டியின் சிவப்பு வயர், 85 எர்த், 86-க்கு சாவி ஆன் செய்தால் மட்டும் மின்சாரம் வரும் ஏதேனும் ஒரு வயர், பார்க் விளக்கின் வயரே போதும். ரிலேயைத் தூண்ட அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை என்பதால் வண்டியின் சொந்த வயரிங்குக்குச் சுமை ஏறாது. பியூஸ் 5 ஆம்பியர் அளவுதான். அது பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பியூஸ் தள்ளி இருந்தால், அதற்கு முன்னால் வயர் உராய்ந்து சட்டத்தைத் தொடும்போது தீப்பிடிப்பதை அது தடுக்காது. வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், பார்க் விளக்கின் வயரை வெட்டி முறுக்காமல், அதன் பிளக்கில் பொருந்தும் இடைப்பிளக்கைப் பயன்படுத்துங்கள்.

கோத்தகிரி வாசி

எர்த்தை பேட்டரி நெகட்டிவுக்கு மாற்றி, ரிலேயும் போட்டாயிற்று. ஐட்லிங்கில், முழு நிலையில், நெகட்டிவ் இழப்பு 0.1 வோல்ட், பாசிட்டிவ் இழப்பு 0.2, ஹேண்டிலை எப்படித் திருப்பினாலும் எண் அசையவில்லை. தொட்டபெட்டா பிரிவு வரையுள்ள வளைவுகளில் ஒருமுறைகூட அணையவில்லை. இடது கைப்பிடி இன்னும் வலதைவிடக் குறைந்த சூட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் முன்பைவிட வெகுவாகத் தேவலை. ஹேண்ட்கார்டு வாங்க இருக்கிறேன்.

ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. உதகை நகருக்குள் நெரிசலில் நெடுநேரம் ஊர்ந்து போகும்போது முழு நிலையிலேயே விட்டுவைக்கலாமா?

மின்வயர்

வேண்டாம். உங்கள் வண்டியில் ஐட்லிங்கில், முழுச் சூட்டில், பேட்டரி முனையில் 12.7 தான் வருகிறது. அந்த நேரத்தில் பேட்டரிக்கு எதுவும் ஏறவில்லை, அதிலிருந்து சிறிது இறங்கிக்கொண்டும் இருக்கலாம். நகருக்குள் நுழைந்ததும் இரண்டாம் நிலைக்குக் குறைத்துவிடுங்கள். திறந்த சாலையில் வழக்கமான சுற்றில், முழு நிலையில் வைத்து ஒருமுறை பேட்டரி முனையில் அளந்து பாருங்கள்: 13.5-க்கு மேல் இருந்தால் பேட்டரிக்கும் சேர்த்துக் காயில் தருகிறது என்று பொருள்.

உதகை மெக்கானிக்

வலது கைப்பிடியின் வயர் ஒவ்வொரு திருகலிலும் வளைவதால், ரப்பருக்குள் நுழையும் இடத்தில்தான் அது நாளடைவில் அறும். என்றாவது வலது மட்டும் விட்டுவிட்டு எரிந்தால், பிளக்கைக் கழற்றி மின்தடையை அளந்துகொண்டே ஆக்சிலேட்டரைத் திருகிப் பாருங்கள். 7 ஓம் நிலையாக நிற்காமல் தாவினால் அங்கேதான் அறுந்திருக்கிறது. வண்டியைக் கழுவும்போது அழுத்தத் தண்ணீரை அந்த இடத்திலும் சுவிட்ச் பெட்டியிலும் நேராக அடிக்கவிடாதீர்கள், சார்.